ஜெனரல் பின்வாங்கச் சொன்னார்

அம்பாலா
16 நவம்பர் 1947

அன்புத் தங்கை கேத்திக்கு,

அண்ணன் தியோடர் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி நோராவும் சுகம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லையென்று கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியவில்லை.

நாங்கள் சாப்பர்கள். பாலம் போடுவதும் ரோடு போடுவதும், தேவைப்பட்டால் வெடி வைத்துத் தகர்ப்பதும்தான் எங்கள் வேலை. இத்தாலியில் எட்டுப் பாலம் போட்டேன். எல்லாம் டாங்கிகள் போவதற்கு. போன மாதம் இங்கே ஒரு ஆற்றில் போட்டது, வீடு வாசலை விட்டு வந்த ஜனங்களுக்காக. மாட்டுவண்டி, குழந்தை குட்டி, அண்டா குண்டான் என்று அந்தக் கூட்டம் தாண்டி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. ஒரு அம்மாள் பாலத்தின் நடுவில் நின்று, "இந்தப் பக்கம் எங்களுக்கு எந்த ஊர்?" என்று என்னைக் கேட்டாள். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லாதே. மகன் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டான் என்ற சந்தோஷத்தில் இருக்கிறார், இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தையும் டிரங்குப் பெட்டியையும் கொண்டுவருகிறவன் என் யூனிட் ஹவில்தார் அப்பாதுரை. நம் ஊர்தான், பிளாக்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு. தாய் தகப்பன் இல்லை. அந்த மூன்று நாளும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாலத்தைக் காத்தவன். இரண்டு மாத லீவு. வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்பு.

அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

உன் அன்பு அண்ணன்
தியோடர்


ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
11 ஜனவரி 1948

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேத்தரின் எழுதுவது. உங்கள் கடிதமும் பெட்டியும் பத்திரமாக வந்தன. அப்பாவுக்கு இருமல் தணிந்திருக்கிறது. "இந்த ஊர்க் குளிருக்குக் காஷ்மீர்க் கம்பளி எதற்கு?" என்று சொல்லிக்கொண்டே அதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அண்ணி எனக்கு அனுப்பிய சால்வையைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்.

உங்கள் ஹவில்தாருக்குச் சாப்பாடு போட்டேன். ஆனால் அப்பா அவரைக் கூடத்தில் உட்காரச் சொல்லவில்லை. பின்வாசல் படியில் இலை போடச் சொன்னார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவர் எதையும் காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "பின்னாடி செவுரு சாஞ்சிருக்கே அம்மா, அடுத்த மழைக்கு நிக்காது" என்றார். மறுநாள் காலை கரணையும் சுண்ணாம்புமாக வந்து நின்றார். ஐந்து நாள் வேலை. அப்பா நாற்காலியைப் பின்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மேஸ்திரி மாதிரி அதிகாரம் செய்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் போட்டிருந்த கணக்கைச் சரியென்று டிக் அடித்தேன். அவர் எதிரே நின்று தலைகீழாகவே பார்த்து, "தப்பா சொன்னா மன்னிக்கணும், மூணாவது வரில ஒரு சைபர் வுட்டுப் போயிருக்கு" என்றார். பார்த்தால் விட்டுத்தான் போயிருந்தது!

இனியாவது மாதம் ஒரு கடிதம் போடுங்கள். எங்களுக்கு உங்களைப் பற்றிய சேதி பத்திரிகையில் வராது.

உங்கள் தங்கை
கேத்தரின்


ரிச்சர்ட்ஸ் டவுன்
2 ஆகஸ்ட் 1948

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா சுகம். நானும் சுகம். மற்ற சேதிகளைப் பிறகு எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தைரியம் போய்விடும்.

அப்பாதுரை பிப்ரவரியிலிருந்து எனக்கு ஒன்பது கடிதம் எழுதியிருக்கிறார். நானும் ஒன்பது எழுதியிருக்கிறேன். நாங்கள் கலியாணம் செய்துகொள்ள விரும்புகிறோம். அவர் உங்களிடம் நேரில் கேட்பதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம், என் அண்ணனிடம் நானே கேட்கிறேன் என்றேன்.

அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது. ஜடை பின்னக்கூடத் தெரியாமல் நீங்கள் எனக்குப் பின்னிவிட்டது நினைவிருக்கிறது. உங்களிடம் கேட்க எனக்குப் பயமில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சரியென்றால் அவரும் சரியென்பார்.

பதிலுக்குக் காத்திருக்கும்
கேத்தி


களத்திலிருந்து
5 செப்டம்பர் 1948

அன்புள்ள கேத்தரினுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முடியாது.

அப்பாதுரை நல்லவன். அதை உன்னைவிட நான் அதிகம் அறிவேன். என் யூனிட்டில் அவனைப்போல இன்னொருவன் இல்லை. ஆனால் அவன் ஹவில்தார், நான் அவனுடைய கமாண்டிங் ஆபீசர். இன்றைக்கு எனக்கு சல்யூட் அடிக்கிறவன் நாளைக்கு என்னை மச்சான் என்பானா? நோரா உன்னை ஆபீசர்கள் மெஸ்ஸுக்கு அழைத்துப் போனால் அவன் எங்கே நிற்பான், வாசலிலா? இன்னொன்றையும் யோசி. நாங்கள் இப்போது இருக்கும் மலையில் தினமும் யாரையாவது ஆபத்தான இடத்துக்கு நான் அனுப்பவேண்டியிருக்கிறது. நான் அனுப்புவது ஒரு ஹவில்தாரையா, என் தங்கை புருஷனையா? அப்படி யோசிக்க ஆரம்பித்தால் என்னால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

அவனை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டேன். கடிதப் போக்குவரத்தை இத்துடன் நிறுத்திவிடு. குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உனக்கு நல்ல இடமாகப் பார்ப்பது என் பொறுப்பு.

உன் நன்மையை நாடும்
தியோடர்


ரிச்சர்ட்ஸ் டவுன்
3 அக்டோபர் 1948

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே நடக்கிறேன். எனக்கு இருப்பது நீங்களும் அப்பாவும்தான், உங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போக எனக்குத் துணிவில்லை.

பதவியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய சாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவரும் நாமும் ஒரே வேதாகமத்தைத்தான் வாசிக்கிறோம், ஆனாலும் அவர் பின்வாசலில்தான் சாப்பிட்டார். எழுதாமல் விட்டால் எனக்குப் புரியாது என்று நினைத்தீர்களா?

எனக்கு இடம் பார்க்கவேண்டாம். பள்ளிக்கூடம் இருக்கிறது. இனி அப்பாவின் உடம்பைப் பற்றி மாதாமாதம் தவறாமல் எழுதுவேன்.

கேத்தரின்


கொரியா, இந்தியக் காவல் படை முகாம்
10 ஜனவரி 1954

அன்புள்ள கேத்திக்கு,

இங்கே பேனாவில் மை உறைந்துபோகிறது. பென்சிலால் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

என்னை பிரிகேடியர் ஆக்கியிருக்கிறார்கள். அப்பாவிடம் சொல். சண்டை ஓய்ந்த நாட்டில் போர்க்கைதிகளைக் காவல் காப்பது எங்கள் வேலை. விசித்திரமான கைதிகள். பலபேர் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகமாட்டோம் என்கிறார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "வீட்டுக்குப் போகிறாயா, இல்லையா?" என்று கேட்கவேண்டும். போன மாதம் ஒரு பையன் இரண்டு மணி நேரம் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். கடைசியில், "எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தால் சொல்வேன்" என்றான். மொழிபெயர்ப்பாளர் அதை எனக்குச் சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஐந்து வருஷமாக நீ எழுதுகிற கடிதங்கள் டாக்டர் சீட்டு மாதிரி இருக்கின்றன. அப்பாவுக்குப் பிரஷர் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு. உன்னைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா?

அன்புடன்
தியோ


ரிச்சர்ட்ஸ் டவுன்
7 மார்ச் 1954

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்குப் பிரஷர் குறைந்திருக்கிறது. இடது கண்ணில் புரை. ஆபரேஷன் ஏப்ரலில்.

என்னைப் பற்றி ஒரு வரி: எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

கேத்தரின்


ரிச்சர்ட்ஸ் டவுன்
20 ஆகஸ்ட் 1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேஜர் ஜெனரல் ஆனதற்கு வாழ்த்துகள். தந்தி வந்த அன்றைக்கு அப்பாவைப் பிடிக்கமுடியவில்லை. எண்பது வயதில் கோட்டு மாட்டிக்கொண்டு, நான் கூட வருகிறேன் என்றால் கேட்காமல், தடியை ஊன்றிக்கொண்டு தெரு முழுக்க ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்துக்கு முன்னால் அறிவித்தார். பக்கத்து வீட்டு டெஸ்மண்ட், அதுதான் ரயில்வேயில் இருந்தாரே, அவர், "நம்ம தெருவுல ஒரு ஜெனரல்!" என்று அப்பாவின் கையைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். உங்கள் படத்தைப் பெரிதுபண்ணிச் சட்டம் போட சிவாஜிநகரில் கொடுத்திருக்கிறோம். பிளாக்பள்ளி சிவாஜிநகர் என்று பெயர் மாறி இத்தனை வருஷம் ஆகியும் அப்பாவுக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.

நானும் சந்தோஷப்பட்டேன். அதை எழுதாமல் விடக்கூடாது.

கேத்தரின்


இடம் எழுத அனுமதி இல்லை
24 அக்டோபர் 1962

அன்புள்ள கேத்திக்கு,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். வடகிழக்கு மலையில் ஒரு டிவிஷனை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஆட்கள் பருத்திச் சட்டையோடு வந்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு கம்பளி. நோராவை டில்லியில் விட்டுவிட்டு வந்தேன்.

நேற்று சாப்பர் கம்பெனியைப் பார்க்கப் போனேன். அணிவகுத்து நின்றவர்களில் முதல் ஆள் சுபேதார் அப்பாதுரை. காதோரம் நரைத்துவிட்டது. சல்யூட் அடித்தான். "எப்படி இருக்கே துரை? பிள்ளைகுட்டி எத்தனை?" என்று கேட்டேன். "கலியாணம் செஞ்சுக்கல சாப்" என்றான். நான் அடுத்த ஆளிடம் போய்விட்டேன்.

உனக்கு இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

தியோ


ரிச்சர்ட்ஸ் டவுன்
4 நவம்பர் 1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னது எனக்குப் புதிய சேதி இல்லை. நீங்கள் கடிதத்தை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினேன். ஆனால் லீவில் வரும்போதெல்லாம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலுக்கு வருவார். இரண்டு பேரும் கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் வரை நடப்போம். அவர் அல்சூர் பஸ்ஸில் ஏறிவிடுவார். பதினான்கு வருஷத்தில் பதினொரு தடவை. இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எழுதமாட்டேன். அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் யாரோ ஒருத்தி இருப்பாள். எல்லாரையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களையும்.

அப்பா காலையும் மாலையும் முழங்காலில் நின்று உங்களுக்காக ஜெபம் பண்ணுகிறார். எழுந்திருக்கக் கை கொடுக்கவேண்டியிருக்கிறது.

கேத்தி


டில்லி
5 டிசம்பர் 1962

அன்புள்ள கேத்திக்கு,

வதந்திகள் உன் காதுக்கும் வந்திருக்கும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

கடைசி ஆள் வரை நின்று இடத்தைக் காக்கவேண்டும் என்று எனக்கு மேலிருந்து உத்தரவு. நவம்பர் பதினெட்டாம் தேதி பகல், எதிரி மலையைச் சுற்றிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் ரோட்டுக்கு இறங்குகிறான் என்று தெரிந்தது. வயர்லெஸ் வேலை செய்யவில்லை. யாரையும் கேட்க வழியில்லை. இருந்தால் சாயங்காலத்துக்குள் வளையம் மூடிவிடும். துப்பாக்கிக்கு ஆளுக்கு முப்பது தோட்டா. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் என் பொறுப்பில் இருந்தார்கள். நான் பின்வாங்கச் சொன்னேன்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். நம்முடைய கடைசி ஆள் தாண்டும்வரை அதைக் காத்து, பிறகு தகர்க்கவேண்டும். அந்த வேலைக்கு நான் அப்பாதுரையை நிறுத்தினேன். எங்கள் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பாலம் வெடித்த சத்தம் கேட்டது. அப்பாதுரையும் அவனோடு நின்ற ஆறு பேரும் இன்றுவரை வரவில்லை. 'காணவில்லை' பட்டியலில் இருக்கிறார்கள்.

அவன்தான் அங்கே இருந்தவர்களில் திறமைசாலி, அதனால் நிறுத்தினேன். வேறு ஏதாவது காரணம் என் மனதில் இருந்ததா என்று இந்தப் பதினைந்து நாளாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. ஆனாலும் கேட்பது நிற்கவில்லை, ராத்திரித் தூக்கமும் இல்லை.

டிவிஷனை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை இருக்கிறது. அது பெரிதில்லை.

தியோ


டில்லி
6 ஜனவரி 1963

அன்புள்ள கேத்தி,

ஒரு மாதமாகிறது. உன்னிடமிருந்து அப்பாவின் பிரஷர்கூட வரவில்லை. திட்டியாவது எழுது. வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் போதும்.

தியோ


ரிச்சர்ட்ஸ் டவுன்
27 ஜனவரி 1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இது எனக்கு டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதியே தெரியும். கௌஹாத்தி ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத் தந்தி வந்தது. தந்திக்காரனைக் கண்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை, அப்பாதான் வாங்கிப் பிரித்தார். உறவுக்காரர் யாருக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற இடத்தில் அவர் என் பெயரையும் விலாசத்தையும் எழுதியிருந்தாராம். உறவுமுறை என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தாராம். அன்றைக்கே உங்களுக்குத் தந்தி அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை. நான் பட்டதை அண்ணனும் கொஞ்ச நாள் படட்டும் என்று இருந்துவிட்டேன். உங்கள் ஜனவரிக் கடிதம் வந்த பிறகும் எழுதவில்லை. அது பாவம்தான். மன்னியுங்கள்.

அப்போது இங்கே நிலைமையும் சரியில்லை. டிசம்பர் முதல் ஞாயிறு, சர்ச்சுக்கு வெளியே டெஸ்மண்ட் அப்பாவிடம், "உங்க பையன் மட்டும் பத்திரமா வந்து சேந்துட்டாராமே" என்றார். அப்பா திரும்பி வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு சர்ச்சுக்கே போகவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக்கூட வரவில்லை. உங்கள் படத்தைக் கழற்றவில்லை, ஆனால் அது இருந்த சுவர்ப் பக்கம் பார்க்காமல் உட்காருவார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில், "சார்... சார்" என்று குரல். அவர்தான். உடம்பு பாதியாகிவிட்டது, கையில் கோல். பனியில் வலது காலில் இரண்டு விரல் போய்விட்டன. பழக்கதோஷத்தில் பின்பக்கமாகத் திரும்பப் போனார். அப்பா தடுமாறி எழுந்து, "எங்கப்பா போறே? உள்ள வா. இங்க வந்து குந்து" என்று தன் நாற்காலியைத் தள்ளினார். அவர் உட்காரமாட்டேன் என்கிறார், அப்பா விடமாட்டேன் என்கிறார். இரண்டு பேருக்கும் நிற்கத் தெம்பில்லை. கடைசியில் நான்தான், "இரண்டு பேரும் உட்காருங்கள்" என்று வகுப்பில் போடுகிற சத்தம் போட்டேன்.

அப்பா நேராகக் கேட்டார். "என் மகன் ஓடி வந்துட்டானா? உண்மையச் சொல்லு."

"ஓடியா? யார் சார் சொன்னது?" என்று அவர் எழுந்தேவிட்டார். "ஜெனரல் சாப் பின்வாங்கச் சொல்லி ஹுக்கும் குடுக்கலேன்னா நாங்க ரெண்டாயிரம் பேரும் அந்த மலையிலயே பொணம் சார். மொத ஜீப்புல ஏறிப் போயிருக்கலாம் அவரு. போகல. பாலத்துக்கு அந்தாண்ட நின்னு, அடிபட்டவங்கள டோலில ஏத்தி அனுப்பிட்டு, ஒவ்வொரு கம்பெனியா எண்ணி எண்ணி வுட்டாரு. கடைசிக் கம்பெனி வர்றதுக்கு முன்னால நான்தான் போகச் சொன்னேன். 'சாப், நீங்க போங்க, நீங்க இங்க இருந்தா எனக்குக் கை நடுங்குது'ன்னேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "உங்ககிட்ட சொல்லலாமா தெரியல. போறதுக்கு முன்னால என் தோளைப் புடிச்சு, 'துரை, கேத்திகிட்ட நான் என்ன சொல்லட்டும்?'னு கேட்டாரு. அவரு கண்ணுல தண்ணி. நான் சொன்னேன், 'நீங்க ஒண்ணும் சொல்லவேணாம் சாப், நானே போய்ச் சொல்லிக்கறேன்.' அதான் வந்தேன்."

இதை ஏன் நீங்கள் எனக்கு எழுதவில்லை? எழுதியிருந்தால் அந்த ஒரு மாதம் உங்களை நான் வெறுத்திருக்கமாட்டேன்.

பாலம் வெடித்தபோது அவர்கள் ஏழு பேரும் எதிரி இருந்த கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். காட்டுக்குள் இறங்கி, பூட்டான் வழியாக இருபத்தாறு நாள் நடந்திருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் சோளமாவு கொடுத்தார்களாம், மற்ற நாளெல்லாம் கீரையும் வேரும். ஏழு பேரும் உயிரோடு வந்தார்கள் அண்ணா, ஏழு பேரும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா எழுந்தார். தடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நேராக டெஸ்மண்ட் வீடு. என்ன சொன்னார் என்று தெரியாது. சட்டென்று திரும்பி வந்து, "பசிக்குது, மூணு பேருக்கும் சோறு போடு" என்றார்.

இந்த ஞாயிறு சர்ச்சுக்கு வந்தார்.

கேத்தி


டில்லி
20 மார்ச் 1963

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுததை நோரா பார்த்துவிட்டாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை. பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடப் போனாள். நீ ஒரு மாதம் சொல்லாமல் இருந்ததை நான் தப்பென்று நினைக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிடுவோம்.

விசாரணை முடிந்தது. அப்பாதுரையையும் அழைத்திருந்தார்கள். கோலை ஊன்றி நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் கேட்காததையும் சொன்னார். "நான் முப்பது பாலத்துல வேலை பாத்திருக்கேன். ஆளுங்க பூரா தாண்டினப்புறம் வெடிச்ச பாலம் இது ஒண்ணுதான்" என்றார்.

என் முடிவில் தவறு காணவில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் இனி எனக்குப் படை இல்லை என்பதையும் மரியாதையாகப் புரியவைத்துவிட்டார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். மேஜர் ஜெனரல் பதவியோடு, பென்ஷனோடு ஓய்வு. வெளியே வந்து படியில் நின்றபோது எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடுவரை நடந்தேன்.

கேத்தி, எனக்கு மேலே இருந்தவர்களின் உத்தரவு தப்பு என்று தெரிந்ததும் ஒரு மத்தியானத்தில் மீறிவிட்டேன். நான் உனக்கு இட்ட உத்தரவு தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பதினான்கு வருஷம் ஆகியிருக்கிறது. பதவியைச் சொன்னேன். நீ சொன்னது சரி, சாதியும்தான் என் மனதில் இருந்தது. அதை எழுத வெட்கப்பட்டேன், நினைக்க வெட்கப்படவில்லை. உன்னுடைய இருபத்தாறு வயதை யாராலும் திருப்பித் தர முடியாது. உங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் மனம் இருந்தால், நான் குறுக்கே நிற்கவில்லை. முடிந்தால் மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது.

உன் அண்ணன்
தியோ


ரிச்சர்ட்ஸ் டவுன்
7 ஏப்ரல் 1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்ட வரியை இன்றைக்கு எழுத முடியவில்லை. பொய்யாக எழுத விருப்பமில்லை. பதினான்கு வருஷத்தில் பதினொரு சனிக்கிழமை ஸ்டேஷனிலிருந்து தனியாகத் திரும்பி நடந்திருக்கிறேன். அந்த வழி முழுவதும் உங்கள்மேல் கோபம் இருந்தது. அது மெதுவாகத்தான் போகும். ஆனால் போகிறது, எனக்கே தெரிகிறது.

மே இருபத்தைந்து, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு எங்களுக்குக் கலியாணம். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தேதி சொல்கிறேன். அவருக்கு நாற்பத்துநான்கு வயது, எனக்கு நாற்பத்தொன்று. பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

என்னை சர்ச்சுக்குள் அழைத்துப்போக ஒருவர் வேண்டும். அப்பாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நீங்கள் வாருங்கள். யூனிபார்ம் வேண்டாம், அண்ணனாக வாருங்கள்.

கேத்தி


சந்தாபுரா
9 ஜூன் 1963

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

டில்லி வீட்டுச் சாமான்களைக் கட்டுகிற வேலை எதுவரை வந்திருக்கிறது? சீக்கிரம் முடித்துவிட்டுப் புறப்பட்டு வாருங்கள். அவருக்கும் பென்ஷன் உத்தரவு வந்துவிட்டது. சந்தாபுராவில் இரண்டு அறை வீடு எடுத்திருக்கிறோம், நான் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வருகிறேன். பக்கத்து வீட்டு ருக்மிணியம்மா என்னைப் புதுப்பெண் என்று கூப்பிடுகிறாள். இவர் வந்த மூன்றாம் நாளே ஊராருக்குக் கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இருக்கிற காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்றால் சிரிக்கிறார்.

கலியாணத்தன்று நான் உங்களிடம் அதிகம் பேசவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தபோது உங்கள் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அப்போது நான் அழுத்திப் பிடித்தேன். நீங்கள் கேட்ட வரி அதுதான். புரிந்திருக்கும் என்று நினைத்தேன், ஆனாலும் எழுதிவிடுகிறேன்: மன்னித்தேன் அண்ணா.

நீங்கள் பார்க்காத ஒன்றையும் சொல்லவேண்டும். கலியாணத்துக்கு மறுநாள் காலை, நாங்கள் இரண்டு பேரும் அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்க எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தோம். அப்பா உங்கள் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு, தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார். பால்காரன் வாசலில் வந்து, "ஹாலு! ஹாலு சாமி!" என்று கூவினான். அப்பா இருந்த இடத்திலிருந்தே தடியை ஆட்டி அவனை அடக்கினார். சர்ச்சிலிருந்து ஒரு டீச்சரம்மா வாழ்த்துச் சொல்ல வந்தார். அவரையும் வாசலிலேயே நிற்கவைத்தார்.

"என்னப்பா, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று காதோரமாகக் கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. "மெதுவாப் பேசு. என் பையன் தூங்குறான்."

உங்கள் அன்புத் தங்கை
கேத்தி